ரொட்ரிகஸின் இசைத்தட்டுகளும் வீட்டுக் கேசட்டுகளும்: முறையாகப் பட்டியலிடுவது எப்படி?

கேள்வி: டர்பன் அருகே சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். அண்மையில் காலமான என் தாய்மாமா, டெட்ராய்ட் நகரத்து ராக் பாடகர் ரொட்ரிகஸின் தீவிர ரசிகர். அவர் விட்டுச்சென்ற பெட்டிகளில் எல்.பி. இசைத்தட்டுகள், சிடிகள், வீட்டிலேயே பதிந்த கேசட்டுகள், பாடல்களைப் பற்றி அவர் எழுதிவைத்த ஒரு நோட்டு ஆகியவை இருக்கின்றன. நோட்டில் உள்ள ஆல்பங்களின் பெயர்கள் இணையத்தில் காணும் பெயர்களோடு ஒத்துப்போகவில்லை. ‘1998 கச்சேரி’ என்று எழுதிய ஒரு கேசட்டும் உள்ளது. இவற்றை எப்படிப் பட்டியலிடுவது? எது அரியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் மாமாவின் நோட்டுக்கும் இணையத்துக்கும் உள்ள முரண்பாட்டை வைத்து அவருடைய குறிப்புகள் தவறானவை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் தென்னாப்பிரிக்காவில் கடையில் வாங்கியதை எழுதியிருக்கிறார். இணையப் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க வெளியீடுகளை முதன்மையாக வைத்து எழுதப்பட்டவை. ரொட்ரிகஸ் ஸ்டுடியோவில் பதிந்து முடித்து வெளிவந்த ஆல்பங்கள் இரண்டே. ‘கோல்ட் ஃபேக்ட்’ 1970இலும் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ 1971இலும் சஸ்ஸெக்ஸ் என்ற அமெரிக்க லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) வந்தன. முதலாவது டெட்ராய்டிலும் இரண்டாவது லண்டனிலும் பதிவானவை. இவற்றில் முதலாவது 1971இல் இங்கே வெளியானது. இரண்டாவது ஆல்பமோ 1976இல் ‘ஆஃப்டர் த ஃபேக்ட்’ என்ற வேறு பெயரில் நம் கடைகளுக்கு வந்தது. ஆகவே மாமாவின் நோட்டில் ‘ஆஃப்டர் த ஃபேக்ட்’ தனி ஆல்பமாகவும், பிற்காலத்தில் வாங்கிய ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ இன்னொரு ஆல்பமாகவும் இருந்தால், அவை உறையும் பெயரும் மாறிய ஒரே பதிவுகள்தான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘ஐல் ஸ்லிப் அவே’ என்ற பாடலை அவர் 1967இல் இம்பாக்ட் என்ற சிறிய லேபிளுக்காக, ‘ராட் ரிகஸ்’ என்று பெயர் அச்சிடப்பட்ட சிங்கிளாகப் பாடினார். அதே பாடலை 1973இல் மறுபடியும் பதிவுசெய்தார். அந்த இரண்டாவது பதிவு, அதே காலத்தில் பதிவான வேறு இரண்டு பாடல்களோடு, 1977இல் ஆஸ்திரேலியாவில் வந்த ‘அட் ஹிஸ் பெஸ்ட்’ என்ற தொகுப்பில்தான் முதன்முதலாக வெளிவந்தது. பெயர் ஒன்று, பதிவு இரண்டு. பெயரை மட்டும் நம்பிப் பட்டியலிடுகிறவர் முதல் வகையில் ஒன்றை இரண்டாக்குவார்; இரண்டாம் வகையில் இரண்டை ஒன்றாக்குவார்.

எனவே ஒரே அட்டவணைக்குள் எல்லாவற்றையும் திணிக்காமல், மூன்று அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு பதிவு: குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரு இடத்தில், ஒருமுறை பாடி ஒலிப்பதிவானது. இரண்டாவது வெளியீடு: அந்தப் பதிவு எந்த நாட்டில், எந்த லேபிளில், எந்தப் பெயரோடும் எண்ணோடும் வந்தது என்பது. மூன்றாவது பிரதி: உங்கள் மாமாவின் பெட்டியில் இருக்கும் அந்த ஒரு பொருள். 1973இன் பதிவு ஒன்றுதான். ஆனால் ஆஸ்திரேலியத் தொகுப்பு, பின்னாளைய மறுவெளியீடு, ரொட்ரிகஸைப் பற்றி 2012இல் வந்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ என்ற ஆவணப்படத்தின் இசைத்தொகுப்பு எனப் பல வெளியீடுகளில் அதைக் காணலாம். பதிவுக்கு ஓர் எண்ணும் வெளியீட்டுக்கு ஓர் எண்ணும் கொடுத்து இணைத்துவிட்டால், நோட்டில் உள்ள குழப்பத்தில் பெரும்பகுதி தானாகவே தெளிந்துவிடும். கணினியில் மூன்று தாள்கள் கொண்ட சாதாரண விரிதாளே இதற்குப் போதும். விலைகொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் மூன்றாவது அடுக்கு. கையில் இருக்கும் பொருளைப் பாராமல், இணையத்தில் கிடைத்த விவரத்தை எடுத்து அதன்மேல் ஒட்டுவதுதான் வீட்டுச் சேகரிப்புகளைக் கெடுக்கும் பழக்கம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண் கொடுங்கள். அதை இசைத்தட்டின் மீதோ உறையின் மீதோ பேனாவால் எழுதாமல், துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். பிறகு தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிள் தாளில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அப்படியே படியெடுங்கள். அந்நாளைய தென்னாப்பிரிக்கப் பதிப்புகள் பலவற்றில் ஆங்கிலத்தோடு ஆப்பிரிக்கான்ஸ் வாசகமும் இருக்கும். அதையும் விடாதீர்கள், ஒரு பிரதி இங்கே அச்சானதா, இறக்குமதியானதா என்பதற்கு அது சான்று.

படியெடுக்கும்போது பெயர்களைத் திருத்தும் ஆசை வரும். ‘கோல்ட் ஃபேக்ட்’ ஆல்பத்திலேயே பாடலாசிரியர் பெயர் ஒரே விதமாக இல்லை: சில பாடல்கள் ஜீசஸ் ரொட்ரிகஸ் பெயரிலும், சில சிக்ஸ்த் பிரின்ஸ் என்ற பெயரிலும், இன்னும் சில சிக்ஸ்டோ ரொட்ரிகஸ் பெயரிலும் உள்ளன, மூன்றும் ஒரே மனிதர். 1860 முதல் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் தம் பாட்டனைத் தேடியவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் பெயர் மாறியிருக்கும். ஆனால் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த எண் மாறாது. அதேபோல் அச்சில் உள்ள பெயரை ஒரு கட்டத்திலும், நீங்கள் இனங்கண்ட ஆளின் நிலையான பெயரை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள்.

இசைத்தட்டைப் பொறுத்தவரை மிக முக்கியமான சான்று, கடைசிப் பாடல் முடிந்ததும் லேபிளை ஒட்டி வெறுமையாக இருக்கும் வளையத்தில் கீறியோ பொறித்தோ இருக்கும் மேட்ரிக்ஸ் எண். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கத்து எண்களையும், அடித்துத் திருத்தியவை உட்பட, முழுமையாக எழுதுங்கள். உறை மாறலாம், நண்பர்கள் தட்டை மாற்றி வைத்திருக்கலாம். தட்டிலேயே பொறித்த எண் மட்டும் தட்டை விட்டுப் போகாது.

ஆண்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வட்டத்துக்குள் ‘பி’ எழுத்தோடு அச்சிட்டிருக்கும் ஆண்டு, அந்த ஒலிப்பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டைக் குறிப்பதே தவிர, உங்கள் பிரதி அச்சான ஆண்டைக் குறிப்பதல்ல. 1970 என்று அச்சிட்ட தட்டு அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியும் அச்சாகியிருக்கலாம். சிடியாக இருந்தால் ஒரு நல்ல உரைகல் உண்டு: அடிப்பக்கத்தின் உள்வளையத்தில் ‘ஐஎஃப்பிஐ’ என்ற எழுத்துகளுடன் நுண்ணிய குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறியீட்டு முறை 1994இல்தான் நடைமுறைக்கு வந்தது. ‘கோல்ட் ஃபேக்ட்’ தென்னாப்பிரிக்காவில் சிடியாக வெளியானது 1991இல். ஆகவே அந்தக் குறியீடு இருக்கும் பிரதி முதல் அச்சு அல்ல. பொருளில் அச்சாகாமல் நீங்கள் ஊகித்த எந்த ஆண்டையும் சதுர அடைப்புக்குள் எழுதி, ஊகத்துக்கான காரணத்தை அடுத்த கட்டத்தில் குறித்துவிடுங்கள். நூலகங்கள் கைக்கொள்ளும் இந்த வழக்கம், பத்தாண்டு கழித்து உங்கள் ஊகத்தை நீங்களே உண்மை என்று நம்பிவிடாமல் காக்கும்.

பிரதியின் மேல் உள்ள வடுக்களும் விவரங்களே. கடை முத்திரை, விலைச்சீட்டு, கைமாறிய பெயர், ஆழமான கீறல் எதையும் துடைத்து அழிக்காமல் குறியுங்கள். நிறவெறி ஆட்சிக் காலத்து வானொலி நூலகத்தில் இருந்த ‘கோல்ட் ஃபேக்ட்’ தட்டில், ஒலிபரப்பாகக் கூடாது என்று ஒரு பாடலின் மேல் வேண்டுமென்றே கீறிவைத்திருந்ததை அந்த 2012ஆம் ஆண்டு ஆவணப்படம் காட்டியது. கீறலைப் ‘பழுது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரலாறு அங்கேயே மறைந்திருக்கும்.

இனி கேசட்டுகள். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட பகுதி இதுவே. நம் வீடுகளில் பழைய தமிழ்ப் பாடல் கேசட்டின் மீதே வேறொன்றைப் பதிந்துகொள்வது சாதாரணம். ஆகவே பெட்டியின் மேல் பக்திப் பாடல் என்று இருந்தாலும் ஒதுக்கிவிடாமல், இரு பக்கத்தையும் முடிவு வரை கேளுங்கள். பாடல்களுக்கு இடையே தப்பிப் பிழைத்த அறிவிப்பாளர் குரலோ விளம்பரமோ காலத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்நாட்டு இந்தியர்களுக்கான வானொலியான ரேடியோ லோட்டஸ் 1983இல்தான் தொடங்கியது என்பதால், அதன் பெயர் ஒலிக்கும் பகுதி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது; ஆனால் ஒரே பக்கத்தில் வெவ்வேறு காலத்துப் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

கேட்பதற்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. டர்பனின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை படர்வது எளிது. வெண்மையாகப் படிந்திருந்தால் இயந்திரத்தில் போடவே வேண்டாம், அது மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். நல்ல நிலையில் இருப்பவற்றில் மேல்விளிம்பில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள்; தவறுதலாக மேலே பதிவாகாது. ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டிவிட்டு, முதல்முறை ஓட்டும்போதே கணினியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருக்கட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக்கோப்பின் மீது ஒருபோதும் செலுத்தாதீர்கள். அது தேவையென்றால் நகலின்மீது செய்துகொள்ளலாம். டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிந்ததா என்பதை மாமா எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘1998 கச்சேரி’ கேசட்டுக்கு வருகிறேன். ரொட்ரிகஸ் இறந்துவிட்டதாக இந்நாட்டில் பலர் நம்பிக்கொண்டிருந்த நிலையில், 1998 மார்ச்சில் அவர் நேரில் வந்து, கேப் டவுன் பகுதியில் உள்ள பெல்வில் வெலோட்ரோம் அரங்கில் தொடங்கி ஆறு கச்சேரிகள் பாடினார். அந்தப் பயணத்தில் பதிவானவற்றிலிருந்து ‘லைவ் ஃபேக்ட்’ என்ற ஆல்பம் வெளியானது. பயணத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் பின்னர் தொலைக்காட்சியில் வந்தது. எனவே மாமாவின் கேசட் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: அரங்கில் அமர்ந்தே பதிந்தது, அந்த ஆல்பத்திலிருந்து நகலெடுத்தது, தொலைக்காட்சியிலிருந்து பிடித்தது. வேறுபடுத்துவது கடினமல்ல. பாடல்களுக்கு இடையே அவர் பேசுவதையும் கூட்டத்தின் கூச்சலையும் ஆல்பத்தோடு ஒப்பிடுங்கள்; அதே விசில் அதே நொடியில் கேட்டால் அது நகல். அருகில் இருப்பவரின் பேச்சு, இருமல், கைதட்டல் பாடலைவிட உரக்கக் கேட்பது, நடுப்பாடலில் நாடாவைத் திருப்பிப் போட்ட இடைவெளி ஆகியவை அரங்கப் பதிவின் அடையாளங்கள்.

அரங்கப் பதிவு என்று உறுதியானாலும், 1998 என்பதை உடனே ஏற்க வேண்டாம். அவர் பின்னரும் இந்நாட்டுக்கு வந்து பாடியிருக்கிறார். 1998இல் அவருக்குப் பின்னணி வாசித்தது பிக் ஸ்கை என்ற தென்னாப்பிரிக்கக் குழு. வாத்தியக்காரர்களை அறிமுகப்படுத்தும் பகுதி பதிவாகியிருந்தால் அது பெரிய சான்று. பாடிய வரிசையை நிமிடம், நொடியோடு எழுதுங்கள். நுழைவுச்சீட்டின் துண்டு நோட்டுக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். மாமாவோடு சென்ற நண்பர்களோ உறவினர்களோ இருந்தால் அவர்களிடம் இப்போதே கேட்டு, சொன்னவர் பெயரோடும் சொன்ன தேதியோடும் எழுதிவையுங்கள். எத்தனையாவது நகல் என்ற விவரமும் வேண்டும்: மூலநாடாவா, அதிலிருந்து எடுத்ததா, அதற்கும் அடுத்ததா. நாடா வேகம் பிசகியிருந்தால் சுருதியும் ஏறியோ இறங்கியோ இருக்கும். அதைக் குறிப்பில் சொன்னால் போதும், மூலக்கோப்பில் திருத்தாதீர்கள்.

எது அரியது என்பதற்கு என் விடை சிலருக்குப் பிடிக்காது. இங்கே ‘கோல்ட் ஃபேக்ட்’ வீட்டுக்கு வீடு இருந்த தட்டு. 2012ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்குப் பிறகு அதன் மீது விழுந்த வெளிச்சம் அதை அரிதாக்கிவிடாது. 1967இன் சிங்கிள் உண்மையிலேயே அரிது. மற்றபடி, அந்தக் கச்சேரிக் கேசட் அரங்கில் பதிந்ததாக இருந்தால், சந்தையில் அதற்கு விலையே இல்லாவிட்டாலும், உங்கள் பெட்டியில் உள்ள ஒரே ஒரு நிகரற்ற பொருள் அதுதான். ‘அரியது’ என்ற சொல்லைப் பட்டியலில் எழுதவே வேண்டாம். அது பதிவா, வெளியீடா, பிரதியா எதற்குப் பொருந்தும் என்பது படிப்பவருக்கே புலப்படும்.

நோட்டில் த ஃப்ளேம்ஸ் என்ற டர்பன் குழுவின் பெயர் வந்தால் அதற்குத் தனித் தாள் போடுங்கள். ஃபத்தார் சகோதரர்களும் பிளான்டி சாப்ளினும் இருந்த அந்தக் குழு, 1970இல் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பிரதர் லேபிளில் ஆல்பம் வெளியிட்டபோது த ஃப்ளேம் என்று ஒருமைப் பெயருக்கு மாறியது. இரண்டும் ஒரே குழு. உள்ளூர்ப் பதிப்புகளைப் பொறுத்தவரை, ரொட்ரிகஸைவிட இவர்களுடைய பழைய தட்டுகளைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.

இறுதியாக, பதிவுகளை இணையத்தில் ஏற்றுவது பற்றி: கலைஞரின் அரங்க நிகழ்ச்சிக்கு இந்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, ரொட்ரிகஸ் 2023இல் காலமானாலும் உரிமைகள் முடிந்துவிடுவதில்லை. வீட்டில் பாதுகாத்து வைப்பதோடு நில்லுங்கள். சேகரிப்பைப் பொது நிறுவனத்துக்குத் தர விரும்பினால், ஒலிப்பதிவுகளுக்கு பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் திரைப்பட, காணொளி, ஒலி ஆவணக் காப்பகத்தையும், மாமாவின் நோட்டுக்கு குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தையும் அணுகலாம். நோட்டும் கேசட்டும் வெவ்வேறு இடம் போனால், ஒன்றின் எண் மற்றொன்றின் பட்டியலில் இருக்கும்படி செய்து, இரண்டு நிறுவனங்களிடமும் பட்டியலின் முழு நகலைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.