‘420’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கஞ்சாவுக்கு ‘ஃபோர் ட்வென்டி’ என்ற பெயர் போலீஸ் குறியீட்டிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, பொது நிலத்துக்குள் ஒருவர் நுழைவதைத் தடுப்பது பற்றியது. ஏப்ரல் 20, அதாவது அமெரிக்க முறையில் 4/20, ரெக்கே பாடகர் பாப் மார்லி இறந்த நாள் என்பதும் தவறு. அவர் இறந்தது 1981 மே 11. நம் ஊர் ‘420’ மோசடிக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

வேர் 1971-இல், கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. ‘வால்டோஸ்’ என்ற மாணவர் குழு, பாயின்ட் ரேயஸ் என்ற கடற்கரைப் பகுதிப் பக்கம் யாரோ கைவிட்ட கஞ்சாத் தோட்டத்தைத் தேடிக் கிளம்பியது. மாலை 4.20-க்குப் பள்ளியிலுள்ள லூயி பாஸ்டர் சிலையருகே கூட வேண்டும் என்பது ஏற்பாடு. ‘420 லூயி’ என்ற சங்கேதம் நாளடைவில் ‘420’ ஆனது. தோட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

இந்தக் கதையை நம்பலாம். காரணம், அது வாய்மொழியோடு நிற்கவில்லை. 1974 பள்ளிப் பத்திரிகையில் இந்தச் சொல் அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கடிதங்களும் அஞ்சல் முத்திரையோடு உள்ளன. சொல்லின் பூர்வீகம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இப்படித் தேதியுள்ள தாளைத்தான். பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பு எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

‘கிரேட்ஃபுல் டெட்’ இசைக்குழுவின் ரசிகர்கள் வழியே சொல் பரவியது. 1991-இல் ‘ஹை டைம்ஸ்’ என்ற கஞ்சா பற்றிய இதழ் ஒரு துண்டுப் பிரசுரத்தை வெளியிட்டது. போலீஸ் குறியீடு என்ற பிழை அதிலேயே இருந்தது. உலகம் முழுக்கப் போனதும் அதுதான்.