66 வயது அப்பாவுக்கு 'உடம்பின் வயது 78' என்று ரிப்போர்ட்: மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நடந்த முகாமில் அப்பாவுக்கு ரத்தம் எடுத்து, டெலோமியர் குட்டையாகிவிட்டது, உடம்பின் வயது 78 என்றார்கள். ஆறு மாதம் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 78-ஐ நினைத்து அப்பா தூக்கம் கெடவும் வேண்டாம்.

டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனி. செல் பிரியப் பிரிய அது தேயும். 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆராய்ச்சி, அதில் பொய்யில்லை. ஆனால் நீளத்தை வைத்து ஆயுளைச் சொல்லிவிட முடியாது. ஆய்வக எலிக்கு நம்மைவிடப் பல மடங்கு நீள டெலோமியர். வாழ்வதோ இரண்டு, மூன்று வருடம். ஒரே வயதுக்காரர்களிடமே நீளம் ரொம்ப வேறுபடும். லேப் மாறினால் எண்ணும் மாறும்.

அப்புறம் மாத்திரை. அது வேறு கோட்பாட்டிலிருந்து வருகிறது. செல்லில் உண்டாகி அதையே தாக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகளே உடலை மூப்படையச் செய்கின்றன என்று 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் சொன்னார். அவற்றை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். ஒரு கோட்பாட்டைக் காட்டிப் பயமுறுத்தி, இன்னொன்றின் பெயரில் விற்கிறார்கள், கவனித்தீர்களா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அப்பா புகைபிடிப்பவர் என்றால் அந்த பாட்டில் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

ஒரே விதிவிலக்கு கண். வயதாவதால் விழித்திரையின் மையமான மாக்குலா பழுதாகும் நோய், நடுத்தர நிலையில் இருந்தால் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், லூட்டின் சேர்ந்த குறிப்பிட்ட மாத்திரை அது முற்றுவதைத் தாமதப்படுத்தும். ஆரம்ப நிலைக்குப் பயனில்லை. கண்புரைக்கும் இது மருந்தல்ல. போன பார்வையை மீட்காது, இளமையும் தராது. விழித்திரையைப் பரிசோதித்த கண் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். 'கண்ணுக்கும் நல்லது சார்' என்று முகாம் ஏஜென்ட் சொல்வது கணக்கில் வராது.

'அரசு அனுமதி பெற்றது' என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டியிருப்பாரே? அது உணவுக்கான உரிமம். மருந்து என்றால் வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். சப்ளிமென்ட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடிக்க வைத்ததோடு கடமை முடிந்தது நம் அதிகாரிகளுக்கு. அறுபது வயதுக்காரர் எத்தனை பேர் அதைத் தேடிப் படிப்பார்கள்?

அந்தப் பணத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கண் பரிசோதனை எல்லாம் செய்யலாம். முன்பணம் கட்டியிருந்தால் பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பில் தரவில்லை என்றால் பணம் அனுப்பிய வங்கிக் குறுஞ்செய்தியையாவது அழிக்காதீர்கள்.