பனிக்காலத்தில் வீட்டுக்கு விலை வைப்பது

தம்பி, மாற்றல் வந்துவிட்டதால் ஜனவரியிலேயே வீட்டை விற்க வேண்டும், பேரம் பேச இடம் இருக்கட்டும் என்று பத்து சதவீதம் ஏற்றிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பள்ளி மாற்றம், சாமான் அனுப்புவது எல்லாம் எப்படியும் நடந்துவிடும். விலையில்தான் நாம் கோட்டை விடுவோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். பக்கத்து வீடு ஜூனில் போன விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து டிசம்பரில் போட்டேன். இரண்டாவது வாரமே ஒரு தம்பதி குறைத்துக் கேட்டார்கள். முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "ஏன் இன்னும் போகவில்லை?" என்றுதான். மார்ச்சில் அந்தத் தம்பதி சொன்னதைவிடக் குறைவாக விற்றேன். நடுவில் கட்டிய வட்டியும் ஹீட்டர் செலவும் தனி.

குளிரில் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு, ஆனால் வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. விற்பனைக்கு நிற்கும் வீடுகளும் குறைவுதான். அதனால் பயந்துபோய் அடிமாட்டு விலைக்கும் போடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் தெருப்பக்கம் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில் சேராது. முதல் இரண்டு வாரம்தான் எல்லோர் கண்ணிலும் படும், அப்போதே சரியான விலை இருக்க வேண்டும்.

கூரையைப் பனி மூடியிருந்தால் வருபவர் மனதுக்குள் ஒரு பழுதைக் கற்பனை செய்து அதற்கும் சேர்த்துக் கழிப்பார். கூரை, ஹீட்டர் வேலை பார்த்த ரசீதுகளையும் கோடையில் எடுத்த படங்களையும் மேசையில் வையுங்கள். என் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா கையுறையைக் கழற்றி, ஜன்னல் சட்டத்து ஓரமாக உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். புதுப் பெயிண்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம், முன்கூட்டியே காலி செய்தால் செலவை மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்துவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் விலையே போச்சு.

நம்மவர்கள் விருந்துகளில் "நான் இவ்வளவுக்கு விற்றேன்" என்பதை வைத்து விலை போடாதீர்கள். எந்த மாதம் விற்றார்கள், அதற்குமுன் சமையலறைக்கு எவ்வளவு கொட்டினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

வந்த புதிதில் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பனியில் நடுங்கியவன் நான். அந்த வீட்டை விற்ற குளிர்காலத்தில், ஆள் வரும் நாளெல்லாம் விடியுமுன் எழுந்து வாசல்வரை பனியை வாரி, உப்புத் தூவி வைத்திருப்பேன். சாவி கொடுத்த அன்றும் அதைச் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.