பத்தாவது வாரத்தில் 42 கிலோ, குழந்தை சின்னதாகப் பிறக்குமா?

சகோதரி, வாந்தியால் 43 கிலோவிலிருந்து 42க்கு இறங்கிவிட்டேன், குழந்தை சின்னதாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கிலோவுக்காகப் பயப்படாதீர்கள், முதல் மூன்று மாதத்தில் இது சகஜம். கருவின் எடையே இப்போது சில கிராம்தான்.

கவனிக்க வேண்டியது கருத்தரித்தபோது இருந்த எடை. உங்கள் 155 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு, 18தான் வருகிறது. 18.5க்குக் கீழே இருந்தால் 2.5 கிலோவுக்கும் குறைவாகக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் அது முடிவாகிப்போன விஷயம் இல்லை. இனி ஏறும் எடைக்கும் பெரிய பங்கு உண்டு. உங்களைப் போல் மெலிந்தவர்களுக்கு மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறச் சொல்வார்கள். வாந்தி அடங்கியதும் பெரும்பாலும் தானாகவே ஏறத் தொடங்கும்.

தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, எடை 41க்குக் கீழே போனாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.