5 லட்சத்துக்கு பாலிசி இருந்தும் பில்லில் பாதிகூட வரவில்லையே, ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. ஆறு வருடமாக 5 லட்ச ரூபாய்க்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டி வருகிறோம். போன மாதம் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. பில் 2,40,000 ரூபாய். கம்பெனி தந்தது 1,15,000 மட்டும். ரூம் ரென்ட் லிமிட், விகிதக் கழிவு, கோ-பே, நான்-பேயபிள் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா? சர்க்கரை இருப்பதைச் சொல்லாமல் புதிதாக எடுத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். - ஈரோடு வாசகர்

பதில்: மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் அனுப்பிய பில்லையும் செட்டில்மென்ட் கடிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், உங்களுக்கு இன்னும் 23,400 ரூபாய் வர வேண்டும் என்று தோன்றுகிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

உங்கள் பாலிசியில் ரூம் வாடகை வரம்பு, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை, நான்கு நாள். 'மிஞ்சிப்போனால் 12,000 கைக்காசு போகும்' என்றுதான் அட்மிஷன் கவுன்ட்டரில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால், பல தனியார் மருத்துவமனைகளில் அறை உயர உயர டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாமே உயரும். அதனால் 8,000-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில் அந்தச் செலவுகளையும் கம்பெனி குறைக்கும். விகிதக் கழிவு என்பது இதுதான். உங்கள் பில்லில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 1,20,000. அதில் 75,000 மட்டும் ஏற்கப்படும். 12,000 ரூபாய் கூடுதல் வாடகை, வேறு இடத்தில் 45,000-ஐயும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதுவரை கம்பெனி செய்தது சரி. ஆனால் மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் சாதனங்கள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி. ஐசியு கட்டணத்துக்கும் கிடையாது. உங்கள் பில்லில் மருந்து 38,000, பரிசோதனை 20,000, ஹெர்னியாவுக்கு உள்ளே வைத்த மெஷ் என்கிற வலை 20,000. இந்த 78,000-த்திலும் கை வைத்திருக்கிறார்கள்.

சரியான கணக்கு இப்படி வரும்: அறைக்கு 20,000, டாக்டர் - தியேட்டர் வகையில் 75,000, மருந்து முதலானவற்றுக்கு முழுதாக 78,000. ஆகமொத்தம் 1,73,000. கையுறை, முகக்கவசம், துணைக்கு இருந்தவரின் சாப்பாடு போன்றவற்றுக்கான 10,000 நான்-பேயபிள், அதாவது கம்பெனி தராத செலவு; இந்தக் கணக்கில் சேராத அதை மறந்துவிடுங்கள். இந்த 1,73,000-இல் 20 சதவீதம் கோ-பே, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் போட வேண்டிய பங்கு, 34,600. அதைக் கழித்தால் 1,38,400 வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அந்த மருத்துவமனையில் எந்த அறையில் இருந்தாலும் சர்ஜன் ஃபீஸ் ஒன்றுதான் என்றால், அந்தச் செலவில் விகிதக் கழிவே செய்யக் கூடாது. பில்லிங் பிரிவில் எழுதி வாங்க முடிந்தால் தொகை இன்னும் கூடும்.

இதையெல்லாம் எழுதி கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இனி மாறுவது பற்றி. சர்க்கரையை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்காதீர்கள். நாளைக்கு க்ளெய்ம் மறுக்கப்பட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். ஏற்கெனவே உள்ள நோய்க்கான வெயிட்டிங் பீரியட், அதாவது அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம், 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று வருடம்தான். முன்பு நான்காக இருந்தது. தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'நோயைச் சொல்லவில்லை' என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. இதற்கு மொரட்டோரியம் என்று பெயர். உங்கள் அப்பா இந்த இரண்டையும் தாண்டிவிட்டார். புதிதாக பாலிசி எடுத்தால் இரண்டுமே முதலிலிருந்து தொடங்கும். பொய் சொல்லி, ஆறு வருடத்தையும் தூக்கிப் போடுவதில் என்ன லாபம்?

இருக்கும் பாலிசியைத் தொடர்ச்சி விடாமல் வேறு கம்பெனிக்கு மாற்றும் போர்ட்டபிலிட்டி வழியாகப் போனால் அந்த வருடங்கள் கூடவே வரும், ஆனால் பழைய தொகையான 5 லட்சம் வரைக்கும்தான். 67 வயதில், சர்க்கரையோடு, புதுக் கம்பெனி 'வேண்டாம்' என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. அதனால் ரூம் ரென்ட் லிமிட் இல்லாத, கோ-பே குறைவான வேறு திட்டத்துக்கு இதே கம்பெனியில் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது. அந்த மிச்சத்தை இதற்குப் பயன்படுத்தலாம். கேட்கும்போது சப் லிமிட்டையும் பாருங்கள். கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்கு மட்டும் தனியாக உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அப்பாவின் வயதுக்கு இரண்டுமே வரக்கூடியவை.

தொகையைக் கூட்ட நினைத்தால், இருக்கும் பாலிசிக்கு மேல் கூடுதலாக எடுக்கும் பாலிசிகளில் டாப்-அப் வேண்டாம், சூப்பர் டாப்-அப் எடுங்கள். இரண்டிலும் டிடக்டிபிள், அதாவது செலவு எந்தத் தொகையைத் தாண்டினால்தான் பணம் வருமோ அது, 5 லட்சம் என்று வையுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை அட்மிட் ஆகி தலா 4 லட்சம் செலவானால் டாப்-அப் ஒரு பைசா தராது. அது ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 5 லட்சம் போக மீதி 3 லட்சத்தைக் கணக்கில் எடுக்கும். இதற்கும் வெயிட்டிங் பீரியட் உண்டு.

எந்த மாற்றத்தையும் பாலிசி முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். புது பாலிசி உறுதியானதாக எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியின் பிரீமியத்தைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.