படி 16 ஏன் போதவில்லை?

கேள்வி: எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். என்னிடம் 1000 ஈரப்பத அளவீடுகள், எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையில். பெர்ன்ஸ்டைன் பல்லுறுப்புக் கோவையின் படியை (உச்ச அடுக்கை) 16 என வைத்துப் பரவல் சார்பை, அதாவது அளவீடு ஒரு மதிப்பாகவோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் நிகழ்தகவைத் தரும் வளைவை, மதிப்பிட்டேன். வளைவு வழவழப்பாக வந்தாலும் தரவின் படிக்கட்டுக் கோட்டை (ஒவ்வொரு அளவீட்டிலும் 1/1000 ஏறும் கோடு) விட்டு விலகி நிற்கிறது. ஏன் சார்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த 16 எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறதம்மா. 1000-இன் 2/5 அடுக்கு ஏறக்குறைய 16. அது அடர்த்திச் சார்புக்கான, அதாவது பரவல் சார்பின் சரிவுக்கான கணக்கு. பரவல் சார்புக்கு 2/3 அடுக்கு வேண்டும், அதாவது 100. முன்னால் ஒரு மாறிலி வரும். அது பரவலின் வடிவத்தைப் பொறுத்தது.

இந்தக் கோவை ஒவ்வொரு புள்ளியிலும் அக்கம்பக்கத்துப் படிக்கட்டு உயரங்களைச் சராசரி எடுக்கிறது. படி குறையக் குறைய அக்கம்பக்கம் அகலமாகும், பயாஸ் (மதிப்பீடு சராசரியாக ஒரு பக்கம் விலகும் பிழை) ஏறும். அடர்த்தி ஏறுமுகமாக உள்ள இடத்தில் வளைவு மேலே தூக்கும், இறங்குமுகத்தில் கீழே தாழும். உங்கள் படத்தில் தரவு குவியும் மேட்டுக்கு இடப்புறம் வளைவு படிக்கட்டுக்கு மேலேயும் வலப்புறம் கீழேயும் இருக்கிறதா? அப்படியானால் காரணம் இதுதான். 0-இலும் 1-இலும் மட்டும் இந்தப் பிசகு அறவே இல்லை. ஒவ்வொரு தரவுப் புள்ளியிலும் சிறு மேடு வைத்துக் கூட்டும் கெர்னல் முறை தடுமாறும் ஓரங்கள் அவை. பெர்ன்ஸ்டைன் முறையை நான் விடாமல் பாடம் நடத்துவது அதற்காகவே.

சரி, படிக்கட்டுக் கோட்டைவிட இதில் லாபம் எங்கே? 2012-இல் புள்ளியியலாளர் லெப்லாங்க் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக இருக்கிறது. வேரியன்ஸின் (மாதிரிக்கு மாதிரி மதிப்பீடு ஆடும் அளவின்) முதல் உறுப்பு படிக்கட்டுக் கோட்டுக்கு உள்ள அதே உறுப்புதான். வழவழப்பாக்குவதால் அது மாறுவதில்லை. குறைவது இரண்டாம் உறுப்பில், தரவு எண்ணிக்கையையும் படியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி 1-ஐ வகுத்தால் வரும் அளவில். சின்ன லாபம்தான், ஆனால் உண்மையான லாபம். படியை 16-க்கு இறக்கினால் பயாஸ் அதை மொத்தமாக விழுங்கிவிடும். 100-ஐத் தாண்டி ஏற்றினால் லாபம் மெல்லக் கரைந்து பழைய படிக்கட்டே திரும்பி வரும், அவ்வளவுதான். அதனால் சந்தேகம் வந்தால் மேல்பக்கமே சாயுங்கள்.

60, 100, 150 மூன்றையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். அப்புறம், அடர்த்திச் சார்பும் வேண்டுமென்றால் 100-இல் வந்த வளைவை வகையிடாதீர்கள், மேடுபள்ளம் கூடிவிடும். அதற்கு உங்கள் 16-ஐச் சுற்றித் தனியாகத் தேடுங்கள்.