பட்டியல் யாருடையது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் வேலை முடிந்து வந்து இரவுகளில் உட்கார்ந்து ஒரு சிறிய சமூக வலைத்தளத்தை உருவாக்கியிருக்கிறோம். வாசிப்பவர்களுக்கானது. விளம்பரம் கிடையாது, யாரையும் வேவு பார்ப்பதில்லை. வருகிறவர்கள் ‘அருமை’ என்கிறார்கள், ஒரே வாரத்தில் ஃபேஸ்புக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள வசதிகள் எல்லாவற்றையும் நாங்களும் கொண்டுவந்தால் நிற்பார்களா? பணத்துக்கு என்ன வழி? இருப்பவர்களும் போய்விடக் கூடாதே என்று, தங்கள் பதிவுகளையும் நண்பர் பட்டியலையும் எடுத்துப்போகும் வசதியை இப்போதைக்கு வைக்கவில்லை. சில சமயம் மக்கள் வெறும் ஆட்டு மந்தைதானோ என்று சலிப்பாக இருக்கிறது. நீங்கள் உங்கள் வாசகர்களுடன் எங்கள் தளத்துக்கு வந்தால் பெரிய பலம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் முழுக்கக் களைப்பு தெரிகிறது. பகலில் பிழைப்பு, இரவில் இது. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல் ஒன்றைக் கட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையால்தான் கீழே கொஞ்சம் கோபமும் வரும்.

பணத்துக்கு வழி என்னிடம் கேட்டீர்களே, நல்ல ஆளைப் பிடித்தீர்கள். விட்டுவிடுவோம்.

வசதிகளைப் பற்றியும் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு நாளில் மறைந்துவிடும் ‘ஸ்டோரி’யை ஸ்னாப்சாட் 2013இல் கொண்டுவந்தது. 2016இல் இன்ஸ்டாகிராம் அதே பெயரில் அதையே செய்தது. பெரியவர்கள் சிறியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள அவ்வளவுதான் ஆகும். நீங்கள் அவர்களைப் பார்த்து எழுதினால் காப்பியின் காப்பிதான் மிஞ்சும். கூகுளிடம் இல்லாத பணமா, ஆட்களா? 2011இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைத் திறந்தார்கள். வசதிகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2018இல் அவர்களே ஒப்புக்கொண்ட கணக்கு இது: அங்கே வந்துபோன தடவைகளில் 90 சதவீதம் ஐந்து வினாடிகூட நீடிக்கவில்லை. எட்டிப் பார்க்கிறார்கள், தெரிந்த முகம் இல்லை, போய்விடுகிறார்கள். 2019 ஏப்ரலில் கடையைக் கட்டினார்கள்.

சரி, ஆட்டு மந்தைக்கு வருகிறேன். இதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவருடைய மகளுக்கு மிக அரிதான ஒரு நோய். உள்ளூர் மருத்துவர்களில் பலர் அதைப் பாடத்தில் படித்ததோடு சரி. ஃபேஸ்புக்கில் அந்த நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. உலகம் முழுவதிலும் சேர்த்துச் சில நூறு பேர். ஒருநாள் நள்ளிரவில் குழந்தைக்குக் கை விறைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது அந்தக் குழுவில் இரண்டு வரி போட்டிருக்கிறார். எங்கோ பகலாக இருந்த ஒரு தேசத்திலிருந்து ஓர் அம்மா உடனே எழுதினாராம்: என் மகனுக்கும் வந்தது, மருத்துவமனையில் இன்ன மருந்தைக் கொடுக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள், அது இந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர் கேட்டார். அதைத்தான் கொடுக்க இருந்தார்கள்.

அவரும் உங்களைப் போலவே அந்த நிறுவனத்தைத் திட்டுகிறவர்தான். விளம்பரம், வேவு, வெறுப்பு, எல்லாம் தெரியும். நான்கூட ஒருமுறை, வெளியே வந்துவிடலாமே என்றேன். ‘நான் வரலாம். அந்த அம்மா வருவாரா?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இவரைத்தான் மந்தை என்கிறீர்களா? வாய் கூசவில்லையா உங்களுக்கு? மாற்று இடம் தேடி அலைகிற எல்லோரிடமும் இந்தத் திமிர் கொஞ்சம் இருக்கிறது. தாங்கள் விழித்துக்கொண்டவர்கள், மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று நினைப்பு. அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் கணக்குப் போட்டுத்தான் இருக்கிறார்கள். நான் தனியாகக் கிளம்பினால் எனக்கு நஷ்டம், எல்லோரும் சேர்ந்து கிளம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் கிளப்ப யாரால் முடியும்? இதில் முட்டாள்தனம் எங்கே வந்தது?

ஆகவே ஆள் ஆளாகக் கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். ஃபேஸ்புக்கே ஒரு காலத்தில் சின்னப்பயல்தான். 2004 பிப்ரவரியில் அது தொடங்கியபோது ஃப்ரெண்ட்ஸ்டரும் மைஸ்பேஸும் பெரிய ஆட்கள். ஆனால் அது ஹார்வர்டு மாணவர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு மாதத்துக்குள் அங்கே இளநிலை படித்தவர்களில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாணவனுக்கு உலகத்தில் எத்தனை கோடிப் பேர் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்பது ஒரு பொருட்டா? பக்கத்து அறைக்காரன் இருக்கிறானா, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு கல்லூரியாகப் போனார்கள். எல்லோருக்கும் கதவு திறந்தது 2006 செப்டம்பரில்தான். ட்விட்டர் போன்ற ப்ளூஸ்கை என்ற தளம் 2024இல் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலை. வானியல்காரர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று யார் வேண்டுமானாலும் ஒரு தொகுப்பு போட்டு வைக்கலாம், புதிதாக வருகிறவர் ஒரே அழுத்தில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். வந்த முதல் நிமிடத்திலேயே தெரிந்த முகங்கள்.

ஆனால் கூட்டமாக வர வேண்டுமென்றால் கூட்டத்தில் யார் யார் என்ற பட்டியல் கையில் வேண்டுமே? அங்கேதான் இடிக்கிறது.

இது என்னுடைய பழைய புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் வளர்ந்தபோது, உங்கள் மின்னஞ்சலில் உள்ள தொடர்புகளைக் கொடுங்கள், நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று கேட்டு வாங்கித்தான் வளர்ந்தது. 2010 நவம்பரில் கூகுள் ஜிமெயில் பக்கமிருந்து அந்த வழியை அடைத்தது. எங்களிடம் எடுக்கிறீர்கள், திருப்பித் தருவதில்லை என்பது புகார். 2013 ஜனவரியில் ட்விட்டர் ‘வைன்’ என்ற குறுங்காணொளிச் செயலியை வெளியிட்டது. அதில் ஃபேஸ்புக் நண்பர்களைத் தேடிச் சேர்க்கும் வசதி இருந்தது. வெளியான அன்றே அந்த வழியை மூடிவிடலாமா என்று ஃபேஸ்புக்குக்குள் கேட்டிருக்கிறார்கள், சரி என்று ஸக்கர்பெர்க் ஒரு வரியில் முடித்திருக்கிறார். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆவணங்களில் அது இருக்கிறது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அதற்கு இதைவிட எழுத்துபூர்வமான சாட்சி கிடைக்காது.

இன்று உங்கள் தகவல்களைத் தரவிறக்கலாம் என்கிறார்கள். இறக்கிப் பாருங்கள். நண்பர்களின் பெயர்கள் வரும். வெறும் பெயர்கள். அதை வைத்து இன்னொரு இடத்தில் அவர்களைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. கேட்டால், மற்றவர்களின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்பார்கள். கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குக் கோடிக்கணக்கானவர்களின் ஃபேஸ்புக் தகவல்கள் அவர்களுக்கே தெரியாமல் போன விஷயத்துக்குப் பிறகு அந்தப் பதில் சட்டென்று வாயை அடைத்துவிடும். உண்மையான சிக்கலும்தான். ஆனால் நான் கேட்பது என் நண்பரின் பிறந்த நாளையோ அவருடைய புகைப்படங்களையோ அல்ல. நாங்கள் இருவருமே சம்மதித்தால், நாங்கள் எங்கே போனாலும் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஒரு வழி. தொலைபேசி நிறுவனத்தை மாற்றினால் அம்மாவை அழைக்க முடியாமல் போகிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வாட்ஸ்அப் போன்ற பெரிய செய்திச் செயலிகள் கேட்கிற மற்ற செயலிகளோடு பேசியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. சமூக வலைத்தளங்களுக்கு அந்தக் கட்டாயம் இன்னும் வரவில்லை. சிறியவர்கள் எல்லோரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்த வேண்டிய இடம் இதுதான். நீங்களோ ‘டார்க் மோடு’ வைக்கலாமா என்ற ரகத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதைவிடக் கொடுமை, நீங்களும் பூட்டு போட்டிருக்கிறீர்கள்! அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இத்தனை பெரிய நிறுவனம் செய்தால் அநியாயம், மூன்று பேர் செய்தால் தற்காப்பா? மாஸ்டடான் என்ற வலைத்தளம் தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சேவையகங்கள் சேர்ந்தது. அதில் ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது, அது குறைதான். ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். உங்களிடம் அதுகூட இல்லை. சிறிய இடத்துக்கு வருகிறவனுக்கு, இது நாளைக்கு இருக்குமா என்பதுதான் முதல் பயம். நாங்கள் மூடினாலும் நீங்கள் அனாதையாக மாட்டீர்கள் என்று சொல்ல முடிந்தால்தான் அவன் நாலு பேரைக் கூட்டிவருவான். கதவைப் பூட்டினால் உள்ளே இருப்பவன் தங்குவான் என்று நினைத்தீர்கள். உள்ளே யாருமே இல்லையே ஐயா, யாருக்காகப் பூட்டு?

என் வாசகர்களை அழைத்துவரும்படி கேட்டிருக்கிறீர்கள். மாட்டேன். என் பேச்சைக் கேட்டு வருகிறவர்கள் நான் எழுதாத வாரத்தில் போய்விடுவார்கள். ஏற்கெனவே ஒன்றாக இருக்கிற ஒரு சின்னக் கூட்டத்தைப் பிடியுங்கள். மாதம் ஒரு புத்தகம் எடுத்து விவாதிக்கிற இருபது பேர் போதும். அவர்களுக்கு இப்போது இருக்கும் இடத்தில் என்ன இடைஞ்சல் என்று கேட்டு, அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

அதற்கு முன் அந்தத் தரவிறக்க வசதியை முடித்துவிடுங்கள். முடித்ததும் எனக்கு ஒரு அழைப்பு அனுப்புங்கள். தனியாளாக வந்து கணக்கு தொடங்கி, முதல் வேலையாக என் பட்டியலை இறக்கிப் பார்க்கிறேன்.